பழைய டூ ஸ்ட்ரோக்கும் புதிய கையும்

தஞ்சோங் ரம்புத்தானிலும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் வேர் கொண்ட குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் வெறும் வாகனமாக இருந்ததில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது, லயத்து வீடுகளை விட்டு வந்தவர்களுக்கு ஈப்போவின் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் பிழைப்பு கிடைத்தது. விடியற்காலை ஷிப்டுக்கும் நள்ளிரவு ஷிப்டுக்கும் பஸ்ஸை நம்ப முடியாது. மோட்டார் இருந்தவருக்கே வேலை நிலைத்தது. அந்தத் தலைமுறை இளைஞர்கள் ஏங்கிய வண்டி யமஹா ஆர்.எக்ஸ்.இசட். 1980களின் நடுவில் வந்து, 2010ஐ ஒட்டி உற்பத்தி நின்றுபோன 133 சி.சி. டூ ஸ்ட்ரோக் அது. மாமாவோ சித்தப்பாவோ ஓட்டிய அந்த வண்டியை இன்று தேடி அலைகிறவர்கள், உரிமம் எடுத்த ஈரம் காயாத பிள்ளைகள். இந்த ஆசையின் தகுதி என்ன, விலை என்ன என்று இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அழகு அதன் எளிமை. கேம் இல்லை, கேம் இயக்கும் வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை. கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெடிக்கிறது; ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால்தான் நூறு கிலோவை ஒட்டிய எடையுள்ள சின்ன வண்டி ஏறத்தாழ 20 குதிரைத்திறனைத் தருகிறது. வீட்டுக்கு வீடு நிற்கும் ஹோண்டா இ.எக்ஸ்.5 தருவது எட்டை ஒட்டித்தான். ஆர்.எக்ஸ்.இசட்டின் சிலிண்டர் ஹெட்டைச் சில நட்டுகளைக் கழற்றி எடுத்துவிடலாம். சிலிண்டரை உருவினால் பிஸ்டன் கண்முன் நிற்கும். சொந்தக் கையால் பிஸ்டன் ரிங் மாற்றிய பிள்ளைக்கு எஞ்சின் என்றால் என்னவென்று எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாத தெளிவு பிறக்கிறது. தொழிற்கல்லூரிக்கும் மெக்கானிக் தொழிலுக்கும் அந்த வழியாகப் போனவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு.

கூட்டுறவும் ஒரு பலம். பழைய ஆர்.எக்ஸ்.இசட். வைத்திருப்பவர்கள் மலாய், சீன, தமிழ் என்று பிரிந்து நிற்பதில்லை. உதிரிப்பாகம் தேடும்போதும் வழியில் வண்டி நின்றுபோகும்போதும் ஒருவருக்கொருவர் ஓடிவருகிறார்கள். இனம் பார்க்காமல் இளைஞர்கள் சேரும் இடங்கள் அருகிவரும் நாட்டில் இதைச் சிறிதென்று தள்ள முடியாது.

ஆனால் இந்த ஆசைக்குத் துணையாகச் சொல்லப்படும் முதல் காரணமே இப்போது செல்லாது. "பழைய வண்டிதானே, மலிவாகக் கிடைக்கும்" என்பது பழைய கணக்கு. நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ்.இசட். இன்று பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. யமஹாவின் இன்னொரு டூ ஸ்ட்ரோக்கான 125இசட் போன்றவை இன்னும் மேலே போகின்றன. அதில் பாதி விலைக்கு இ.எக்ஸ்.5ஐப் புதிதாகவே வாங்கிவிடலாம். பழைய வண்டிக்குக் கடன் கிடைப்பதும் அரிது. கையில் ரொக்கம் வேண்டும். சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளிதான் என்பது உண்மை. செலவு இருப்பது வேறு இடத்தில்.

அந்த இடம்தான் இந்தப் பழக்கத்தின் மையக் குறை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். ஓட்டியவர் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் டூ-டி எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் ஒரே காப்பு. ஒருநாள் எண்ணெய் குறைந்தது, ஒருநாள் மட்ட எண்ணெய் ஊற்றியது, சூடேறுமுன் முறுக்கியது, எல்லாமே சிலிண்டர் சுவரில் கோடாக விழுந்துவிடும். ஆகவே பழைய டூ ஸ்ட்ரோக்கை வாங்குகிறவர், முன்னால் ஓட்டிய ஐந்தாறு பேரின் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார். அதைப் படிக்கக் காது பழகியிருக்க வேண்டும், கை பழகியிருக்க வேண்டும், தவறினால் செலவழிக்கப் பணமும் வேண்டும். புதிதாக ஓட்ட வந்தவரிடம் இந்த மூன்றும் இருப்பதில்லை.

வாங்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். வண்டி கழுவி மினுக்கி நிற்கிறது. "தம்பி, போன மாசம்தான் டாப் செஞ்சது, நீ அப்படியே எடுத்து ஓட்டலாம்" என்கிறார் விற்பவர். பிள்ளை பார்ப்பது பெயின்ட்டை, ரிம்மை, எக்ஸாஸ்டை. பழகிய மெக்கானிக் முதலில் செய்வது சிலிண்டர்மீது கைவைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், வாங்குபவர் வருமுன்பே வண்டியைக் கிளப்பிவிட்டார்கள் என்று பொருள். ஆறிய வண்டி எத்தனை உதையில் கிளம்பும் என்ற உண்மை மறைந்துவிட்டது. கிளம்பியதும் முதல் சில நிமிடம் வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் அது தணியாமல், கியர் எண்ணெய் கருகும் வாடையோடு வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய்விட்டது. திராட்டிலை விட்டபிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று கசிகிறது. எண்ணெயும் பெட்ரோலும் குறைந்து காற்று மிகும்போது பிஸ்டன் உருகி ஒட்டிக்கொள்ளும். அடியிலிருந்து கட்டையில் தட்டும் ஒலி வந்தால் கிராங்கைப் பிரித்தாக வேண்டும். இத்தனையும் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் பல வருட அனுபவம் இருக்கிறது.

"டாப் செஞ்சது" என்ற சொல்லையும் அப்படியே விழுங்கக் கூடாது. தேய்ந்த சிலிண்டரை 0.25 மில்லிமீட்டர் படிகளில் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் சுவர் மெலிகிறது. ஒரு கட்டத்துக்குமேல் கடைய இடமிருக்காது, புது ஸ்லீவ் அடிக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எப்போது டாப் செய்தது என்பதைவிட, இப்போது எத்தனையாவது அளவில் நிற்கிறது என்பதே. போட்ட பிஸ்டன் அசலா, போலியா என்பது அடுத்த கேள்வி. உற்பத்தி நின்ற வண்டிக்கு அசல் சாமான் குறையக் குறையப் போலிகள் பெருகுகின்றன.

மாற்றி அமைத்தல் இன்னொரு சிக்கல். கார்புரேட்டரைப் பெரிதாக்கி, போர்ட்டுகளைக் குடைந்து, எண்ணெய் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் ஊற்றும்போதே கையால் எண்ணெய் கலக்கும் வண்டிகள் சந்தையில் ஏராளம். யமஹாவின் ஆட்டோலூப் முறையில் எஞ்சின் வேகத்துக்கும் திராட்டிலுக்கும் ஏற்ப பம்பே எண்ணெயை அளந்து ஊட்டும். அதைக் கழற்றிய வண்டியில் பெட்ரோல் போனால்தான் எண்ணெய் போகும். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் நோக்கி இறங்கும் நீண்ட சரிவை நினைத்துப் பாருங்கள். திராட்டிலை மூடி, கியரில் விட்டு இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது; எண்ணெயோ சொட்டாகத்தான் வருகிறது. எஞ்சின் இறுகினால் பின்சக்கரமும் இறுகும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்கப் பழகிய கை பிழைக்கும். புதிய கை பிரேக்கைத்தான் தேடும்.

ஓட்டத்திலும் இதே கதைதான். டூ ஸ்ட்ரோக் சக்தி சீராக ஏறுவதில்லை. கீழே சோம்பலாக இருந்துவிட்டு, குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் ஒரேயடியாகப் பாயும். பாய்ச்சலுக்கு நிகரான பிடிப்பு இல்லை. ஆர்.எக்ஸ்.இசட்டில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. எஞ்சின் பிரேக்கும் குறைவு. மாலை மழையில் நனைந்த தம்பூன் சாலை வளைவில் இதைச் சமாளிப்பது எளிதல்ல. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இதை உணர்ந்துதான் 150 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புதிய மாதிரிகளுக்கு 2025 முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டிகளுக்கு அந்தக் காப்பு எட்டாது. சட்டமும் இங்கே வேறுபாடு பார்ப்பதில்லை. பி2 உரிமம் பெற்ற 16 வயதுப் பிள்ளை இ.எக்ஸ்.5ஐயும் ஓட்டலாம், 30 குதிரைத்திறனுக்கு மேல் தரும் ஹோண்டா என்.எஸ்.ஆர். 150ஐயும் ஓட்டலாம். சட்டம் விட்ட இடத்தைக் குடும்பம்தான் அடைக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் தெரங்கானுவின் கோங் பாடாக்கில் ஆர்.எக்ஸ்.இசட். உரிமையாளர்களின் பெருங்கூட்டம் நடந்தது. நாடெங்கிலுமிருந்து திரண்ட வண்டிகளின் எண்ணிக்கை இந்த ஆசையின் ஆழத்தைக் காட்டியது. அந்தப் பயணத்தில் நேர்ந்த உயிரிழப்புகளும், போலீசார் எழுதிக் குவித்த சம்மன்களும் அதன் மறுபக்கத்தைக் காட்டின. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாரையும் மறக்கலாகாது. பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலே எண்ணெயோடு சேர்ந்து வெளியேறுவது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். உலகெங்கும் புகை விதிகள் இறுகியதும் டூ ஸ்ட்ரோக் சாலையிலிருந்து விலகியது இதனால்தான். தமிழ்நாட்டில் இன்றும் போற்றப்படும் யமஹா ஆர்.எக்ஸ். 100 கூட 1985இல் வந்து 1996இல் நின்றுவிட்டது. சைலன்சரைக் குடைந்த வண்டி ஒன்று விடியற்காலையில் தாமானுக்குள் கிளம்பினால், கைக்குழந்தை உள்ள வீடும் முதியவர் உள்ள வீடும் விழித்துக்கொள்கின்றன. ஓட்டுபவரின் இன்பத்துக்குத் தெரு விலை கொடுப்பது நியாயமாகாது.

பத்திரங்களையும் சொல்லியாக வேண்டும். தேவை மிகுந்த வண்டி என்பதால் திருட்டும் மிகுதி. வண்டியின் உரிமைப் பத்திரமான கெரானில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும், துணியால் துடைத்து, டார்ச் அடித்து, வண்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுரண்டிய தடமோ, மேலே பூசிய பெயின்ட்டோ தெரிந்தால் அங்கிருந்து வந்துவிடுவதே நல்லது. கெரானில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்க வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்றம் முடியுமுன் முழுப்பணத்தையும் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது. பழைய டூ ஸ்ட்ரோக்கை வாங்குவது தவறான ஆசை அல்ல. முதல் வண்டியாக வாங்குவதுதான் தவறு. புதிய ஓட்டுநருக்கான இரண்டாண்டு பி (P) உரிமக் காலத்தை இ.எக்ஸ்.5 போன்ற அடக்கமான வண்டியில் கழித்து, மழையையும் லாரியையும் வளைவையும் பழகிக்கொண்டபின் டூ ஸ்ட்ரோக்குக்கு வரலாம். அப்போதும் எண்ணெய் பம்ப் உள்ள, மாற்றங்கள் செய்யாத, கெரான் சுத்தமான வண்டியையே எடுங்கள். பார்க்கப் போகும்போது பழகிய மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொட்டாமல் ஐந்தில் ஒரு பங்கையாவது எஞ்சின் வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

வீட்டில் ஆர்.எக்ஸ்.இசட். வைத்திருக்கும் மாமாக்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்டதும் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஸ்பேனரைக் கொடுங்கள். ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து சிலிண்டரைக் கழற்றி மாட்டட்டும். எண்ணெயின் அருமை தெரியட்டும். சாவி அதற்குப் பிறகு போதும்.