கண்ணில் படாத கம்பி

அமெச்சூர் வானொலிக்காரர்கள் விரும்பும் 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் அன்டெனா கட்ட ஏறத்தாழ 20 மீற்றர் கம்பி வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தோட்டக் குவாட்டர்ஸ் ஒன்றில், யார் கண்ணையும் உறுத்தாமல் அவ்வளவு நீளத்தை ஏற்றிவிடுவது தனிக் கைவேலை. வீடு கம்பனியுடையது. முற்றத்தில் இரும்புக் கம்பம் நட்டால் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு.

கைதேர்ந்தவர் எடுப்பது மோட்டார் சுற்றப் பயன்படும் எனாமல் பூசிய செப்புக் கம்பியை. அரை மில்லிமீற்றர் தடிப்புப் போதும். சற்றுத் தள்ளி நின்றாலே கிரவிலியா மரக் கிளைகளுக்குள் கரைந்துவிடும். இரு நுனியிலும் மீன்பிடி நைலோன் நூல். அதுவே இன்சுலேட்டர், அதுவே இழுகயிறு. மின்னழுத்தம் உச்சத்தில் நிற்பது நுனியில்தான் என்பதால், ஈர இலையும் பிள்ளைகளின் கையும் அங்கே எட்டக்கூடாது. நான் வியந்து ரசிப்பது இதற்கு அடுத்த நுணுக்கத்தை. நூலை மரத்தில் இறுகக் கட்டாமல், கிளைக்கு மேலாகப் போட்டு ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுவார்கள். தென்மேல் பருவக்காற்றில் மரம் ஆட ஆடக் கல் ஏறி இறங்கும், கம்பி அறாது.

லயத்துத் தகரக் கூரைக்கு அடியில் கம்பி இழுத்துப் பயனில்லை, தகரம் அலையை அடைத்துவிடும். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் உள்ளேயே ஒளித்துவிடலாம்.

உயர ஏற்று என்றுதான் கைநூல்கள் சொல்லும். தூரதேசம் பேச அது சரி. மலைநாட்டின் தேவை வேறு. இங்கே விஎச்எஃப் அலை அடுத்த மலைமுகட்டில் முட்டி நின்றுவிடும். தரையிலிருந்து நாலைந்து மீற்றரில் தாழக் கட்டிய 7 மெகாஹேர்ட்ஸ் கம்பியோ அலையைச் செங்குத்தாக மேலே அனுப்புகிறது. பகலில் அது ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்து அயனமண்டலத்தில் பட்டு, மழைபோல எல்லாப் பள்ளத்தாக்குகளிலும் இறங்குகிறது. வடக்கிலிருந்து தெற்கே சுமார் 430 கிலோமீற்றர் நீளமுள்ள இலங்கைக்கு இது அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு. மறைப்பதற்காகத் தாழ்த்திய கம்பியே இந்த மண்ணுக்கு ஏற்ற கம்பி!

2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் தொலைபேசி செயலற்றபோது, ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தது இலங்கை அமெச்சூர்களின் சிற்றலைதான். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்ட லயன்களை மண்சரிவு மூடியதைக் கண்ட மலையகத்தில், தோட்டத்துக்கு ஒருவராவது இந்த வேலை தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பேன். பன்னிரண்டு வோல்ட் பற்றறியும் சில வாட் சக்தியும் போதும்.

கட்ட நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும். வானம் கறுக்கும் முன்பே கம்பியிலிருந்து வானொலிக்கு வரும் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி, அனுமதிப்பத்திரமும் அழைப்புக்குறியும் கைக்கு வந்த பிறகே மைக்கைத் தொடுங்கள்.