கடை சாத்துபவரின் ஏழு நிமிடங்கள்: ஒரு தீர்ப்பை வாசித்தபோது

அக்கா பையன் கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்தவன். கம்யூனிட்டி காலேஜில் படித்துக்கொண்டு, துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்கும் ஒரு பெரிய கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மாமா, என்னை க்ளோசிங் லீட் எடுத்துக்கிறியான்னு மேனேஜர் கேக்கறாங்க. மணிக்கு ஒன்னேகால் டாலர் கூட. ஆறு மாசம் நல்லா பண்ணா அசிஸ்டென்ட் மேனேஜருக்குப் பேர் அனுப்பறேங்கறாங்க. எடுத்துக்கட்டுமா?"

"என்னடா பண்ணணும் அதுல?"

சொன்னான். ஒன்பது மணிக்குக் கடைசி வாடிக்கையாளரை அனுப்பணும். கலைந்து கிடக்கிற துணியை மடிச்சு அடுக்க வைக்கணும். கல்லாப் பணத்தை எண்ணி, கணக்கு சரிபார்த்து, சேஃபில் போடணும். கம்ப்யூட்டரில் நாள்கணக்கை முடிக்கணும். எல்லாரும் வெளியே போயாச்சான்னு பார்த்து, அலாரம் போட்டு, கதவைப் பூட்டணும். சாவி இவன் கையில்.

எனக்குக் கடை வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் உட்கார்ந்து படிப்பதுதான். "ரெண்டு நாள் டைம் கொடு"ன்னு சொல்லிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் கண்ணில் பட்டவை வேலை முன்னேற்ற அறிவுரைக் கட்டுரைகள். தலைப்புகள் வேறு வேறு, சாரம் ஒன்றுதான்: யாரும் விரும்பாத நேரத்தை நீ ஏற்றுக்கொள், மேலே இருப்பவர்கள் கவனிப்பார்கள். இதில் பாதி உண்மை. ராத்திரி சாத்துகிற ஆள்தான் கடையைத் தனியாக நடத்திப் பழகுகிறார், பணத்தை எண்ணுகிறார், கடைசி நிமிடத்தில் சண்டைக்கு வரும் ஆளைச் சமாளிக்கிறார். உதவி மேலாளர் ஆவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

"கவனிப்பார்கள்" என்பதுதான் இடிக்கிறது. பதவி உயர்வு தரும் மேலாளர் பெரும்பாலும் பகல் ஆள், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். சாத்துபவரின் வேலையை அவர் பார்ப்பது மறுநாள் காலை, அதுவும் ஏதாவது குறை இருந்தால்தான். கல்லாவில் 20 டாலர் குறைந்தால் பெயர் வரும், சரியாக இருந்தால் வராது. சிஸ்டம் அட்மின் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நம்ம ஊர் மளிகைக் கடையில் ராத்திரி கடையை எடுத்துவைக்கிறவர் முதலாளிதான். இல்லையென்றால் அவர் மகன், அதுவும் இல்லையென்றால் இருபது வருடம் கூடவே இருந்த ஒருவர். சாவி கையில் இருக்கிறது என்றால் கடையில் அவருக்குப் பாத்தியதை இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவின் கிளைக் கடைகளில் சாவி, மணிக்கூலி வாங்கும் ஒருவர் கைக்கு வருகிறது. கீ ஹோல்டர் என்று ஒரு பதவிப் பெயரே உண்டு. பொறுப்பும் கடிகாரமும் ஒரே ஆளிடம் வந்து சேர்கிற இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் படித்ததிலேயே தெளிவாகச் சொன்னது ஒரு நீதிமன்றத் தீர்ப்புதான். இந்தப் பதிவு அதன் விமர்சனம்.

2018 ஜூலை 26 அன்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அளித்த தீர்ப்பு அது. எழுதியவர் நீதிபதி குட்வின் லியூ. வழக்குத் தொடுத்தவர் அந்தக் காபிக் கடையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். விற்பனையாளருக்கு ஒரு படி மேலே, ஆனால் மணிக்கூலிதான். சாத்துகிற ஷிஃப்ட் பார்த்திருக்கிறார்.

தீர்ப்பின் தொடக்கப் பக்கங்களைச் சட்டம் தெரியாத யாரும் படிக்கலாம். அவர் ராத்திரி என்னென்ன செய்தார் என்று வரிசையாகச் சொல்கிறது. முதலில் வேலை நேரத்தை முடித்துப் பதிவு செய்ய வேண்டும், அதாவது க்ளாக் அவுட். அதன் பிறகுதான் பின் அறையில் வேறொரு கம்ப்யூட்டரில் கடை மூடும் நடைமுறையைத் தொடங்க முடியும். அது அன்றைய விற்பனை, லாப நஷ்டம், சரக்கு விவரங்களைத் தலைமையகத்துக்கு அனுப்பும். பிறகு அலாரம், வெளியே வருதல், பூட்டு. நிறுவனத்தின் விதிப்படி சக ஊழியர்களை அவர்கள் கார் வரை கூட்டிப்போய் விடவேண்டும். சில நாள் யாராவது பொருளை மறந்து வைத்துவிட்டால் மறுபடி திறக்கவேண்டும். ஒருவரை அழைத்துப்போக வண்டி வரவில்லை என்றால் கூடவே நின்றிருக்கிறார். வெளியே விட்டுப்போன நாற்காலிகளை உள்ளே எடுத்துப் போட்டிருக்கிறார். அவ்வளவும் க்ளாக் அவுட்டுக்குப் பிறகு, சம்பளம் இல்லாமல்.

ஒரு நாளைக்கு 4 முதல் 10 நிமிடம். 17 மாதத்தில் மொத்தம் 12 மணி 50 நிமிடம். அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 டாலர் என்ற கணக்கில் 102 டாலர் 67 சென்ட். (போட்டுப் பார்த்தேன், 770 நிமிடம், கணக்கு சரி. நாளுக்குச் சராசரி ஏழு நிமிடம் என்றால் ஏறக்குறைய 110 இரவுகள்.)

நிறுவனத்தின் வாதம் "டி மினிமிஸ்". அற்ப விஷயத்தைச் சட்டம் கண்டுகொள்ளாது என்கிற பழைய லத்தீன் கொள்கை. அமெரிக்கக் கூலி வழக்குகளில் இதற்கு வேர் 1946-ல், மிச்சிகனில் ஒரு பீங்கான் ஆலைத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் இருக்கிறது. வேலை நேரத்துக்கு அப்பால் சில விநாடிகளோ நிமிடங்களோ போனால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். லியூ இதற்குச் சொல்லும் பதில் எனக்குப் பிடித்தது. அந்தக் கொள்கை, சின்னச் சின்ன நேரத்தை எழுதிவைப்பது சிரமமாக இருந்த காலத்தில் பிறந்தது. இன்று கைபேசியே நேரத்தைப் பதிந்துவிடும். அப்படியும் முடியாவிட்டால், க்ளாக் அவுட்டுக்குப் பிறகு வேலையே இல்லாதபடி நடைமுறையை மாற்றலாம், அல்லது நியாயமான உத்தேசக் கணக்கில் கொடுத்துவிடலாம். தினம் தினம் நடக்கும் வேலையை அற்பம் என்று தள்ளக் கலிபோர்னியா சட்டத்தில் இடமில்லை. முடிவில் அந்த 102 டாலரில் ஒரு சாதாரண ஆள் என்ன செய்யலாம் என்று அவர் எண்ணுகிறார்: ஒரு மின் கட்டணம், ஒரு வார மளிகை, ஒரு மாத பஸ் செலவு.

ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "நாம தினம் ரெண்டு மணி நேரம் சும்மா பார்க்கறோம், ஏழு நிமிஷத்துக்கு சுப்ரீம் கோர்ட்டா?" நமக்கு மாதச் சம்பளம், அந்த ஆள் நேரத்தை மட்டுமே விற்றவர். அரைக் கிலோ குறைத்து நிறுத்துவிட்டு அற்பம் என்று சொல்ல மளிகைக்காரரை விடுவோமா?

க்ளாக் அவுட் செய்தால்தான் கடை மூடும் நடைமுறை திறக்கும் என்பதைப் படித்தபோது ஒரு நிமிடம் நிறுத்தினேன். இதை ஒரு மோசமான மேலாளர் செய்யவில்லை, மென்பொருள் செய்தது. யாரோ ஒரு புரோகிராமர் இந்த வரிசையை எழுதியிருக்கிறார். ஏன் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அன்றைய தரவு தலைமையகம் போகும்போது யாருடைய ஷிஃப்டும் பாதியில் திறந்து கிடக்கக்கூடாது, கிடந்தால் கணக்கு முடியாது. அதனால் முதலில் எல்லோரையும் வெளியேற்று, பிறகு நாளை மூடு. தரவின் கோணத்தில் சுத்தமான தீர்வு. அந்தப் பொத்தானை அழுத்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் அந்தப் படத்தில் இல்லை.

நானும் அந்தப் படத்துக்குள் இருந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையிலிருந்து ஒரு அமெரிக்க வாடிக்கையாளரின் கடைகளுக்கு நாள்முடிவு சப்போர்ட் பார்த்தோம். அங்கே ராத்திரி ஒன்பதரை, இங்கே காலை பதினொன்று. திரையில் கடை எண்கள். மூடியது பச்சை, மூடாதது சிவப்பு. சிவப்பு அதிக நேரம் இருந்தால் கடைக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். ஒருமுறை எடுத்த பெண்மணி களைப்பான குரலில் சொன்னார்: "நான் பஞ்ச் அவுட் பண்ணி அரை மணி ஆச்சு தம்பி, உங்க ஸ்க்ரீனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்." ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அந்த "தம்பி" அதில் இருந்தது. நான் டிக்கெட்டில் "பயனர் தொடர்பில் உள்ளார், பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதினேன். அந்த அரை மணிக்கு அவருக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற இத்தனை வருடமும் ஒரு தீர்ப்பும் வேண்டியிருந்தது.

இனி என் குறை. லியூவின் தீர்ப்பு நிமிடத்தை டாலராக மாற்றுகிறது, டாலரை மளிகையாக மாற்றுகிறது. அவர் முன் இருந்த கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த ஏழு நிமிடம் மற்ற ஏழு நிமிடம் போன்றது இல்லையே. கடையில் ஆள் குறைவு, சேஃபில் பணம், வெளியே இருட்டு, கூட இருப்பவர்களைக் கார் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு. அந்த ஆள் நாள் முழுவதிலும் உண்மையிலேயே சூப்பர்வைசராக இருந்தது அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தில்தான் அவர் பதிவேட்டின்படி வேலையில் இல்லை. பதவியைத் தீர்ப்பு ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்த ஷிஃப்டை ஒருவர் ஏன் ஏற்கிறார், ஏன் நூறு இரவு வாய் திறக்காமல் இருக்கிறார் என்பதற்குப் பதில் அந்தப் பதவியில்தான் இருக்கிறது. அடுத்த படிக்குப் பெயர் அனுப்பப் போகிறார்கள் என்று நம்புகிற ஆள் ஏழு நிமிடத்துக்குச் சண்டை போடமாட்டார்.

சரி, அந்த அடுத்த படியில் என்ன இருக்கிறது? அதற்கு இன்னொரு வழக்கைப் பார்க்கலாம், ஃபேமிலி டாலர் என்ற மலிவுவிலைக் கடைகள் மீது அவற்றின் மேலாளர்களே தொடுத்தது. 2008-ல் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. 1,424 ஸ்டோர் மேனேஜர்கள், 3.5 கோடி டாலருக்கு மேல். இவர்களுக்கு வாரச் சம்பளம். நிர்வாகி என்று வகைப்படுத்தியதால் ஓவர்டைம் கிடையாது. வாரம் 60, 70 மணி நேரம் உழைத்தார்கள். அதில் 80 முதல் 90 சதவீதம் லாரியில் சரக்கு இறக்குவது, அடுக்குவது, பில் போடுவது, கழிப்பறை கழுவுவது. ஊழியர் கூலிக்கான வரம்பு மேலிருந்து வரும். அந்த வரம்பு தீர்ந்த பிறகும் வேலை மிச்சம் இருந்தால், எத்தனை மணி நேரம் உழைத்தாலும் கூடுதல் செலவில்லாத ஒரே ஆள் மேலாளர்தான்.

இந்தத் தீர்ப்பு நீளம், வறட்சி, லியூவின் நடை இதில் இல்லை. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், தனித்தனியாகப் படிக்கும்போது தெரியாத ஒன்று தெரிகிறது. கீழ்ப்படியில் விற்பனையாளரின் ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தில் இருக்கிறது. சாவி வாங்கியவரிடம் கடைசி ஏழு நிமிடம் காணாமல் போகிறது. மேலாளரிடம் கடிகாரமே இல்லை. அறிவுரைக் கட்டுரைகள் காட்டும் அதே ஏணிதான்.

இதனால் பையனிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேலை கற்றுக்கொள்வான், ஒன்னேகால் டாலரும் சும்மா இல்லை. மேலாளரிடம் சிலவற்றை மட்டும் கேட்கச் சொன்னேன். நேரம் பதியும் கருவி எங்கே, அலாரம் எங்கே, எது முதலில். ராத்திரி சாத்திவிட்டு மறுநாள் காலையே திறக்க வரச் சொல்வார்களா. (இதற்கு க்ளோப்பனிங் என்று அங்கே பெயரே இருக்கிறது. சியாட்டிலில் 2017 முதல், பெரிய கடைகளில் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே பத்து மணி நேரம் இல்லையென்றால் ஊழியர் மறுக்கலாம், ஒத்துக்கொண்டால் குறைகிற நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலி.) அசிஸ்டென்ட் மேனேஜருக்கு மணிக்கூலியா, சம்பளமா. பதிலை மெயிலில் வாங்கிக்கொள் என்றேன்.

"மாமா, இதெல்லாம் கேட்டா எனக்கு ஆர்வம் இல்லைன்னு நினைச்சுப்பாங்களே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் பயம் நியாயமானது, அந்த 110 இரவுகளும் இப்படித்தான் சேர்ந்திருக்கும். "சாவி கொடுக்கறவங்ககிட்ட பூட்டு எப்படின்னு கேக்கறது தப்பில்லடா"ன்னு மட்டும் சொன்னேன்.

கேட்டிருக்கிறான். நேரக் கருவி பின் அறையில், அலாரம் முன் கதவுப் பக்கம், போட்டால் ஒரு நிமிடத்தில் வெளியே போயாகணுமாம். எதிர்பார்த்ததுதான். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பூட்டிய பிறகு கைபேசிச் செயலியில் பதிந்துகொள் என்று மெயில் அனுப்பியிருக்கிறார். அசிஸ்டென்ட் மேனேஜர் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

வேலையை எடுத்துக்கொண்டான். போன வியாழக்கிழமை காலை நான் ஸ்டாண்டப் மீட்டிங்கில் இருந்தபோது ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. பஞ்ச் அவுட் 9:52. கீழே ஒரு வரி: "ஒரு பொண்ணுக்கு ரைட் வரலை மாமா, அதான் லேட்."