லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலும் புனித கத்பர்ட் வழிபாடும்

லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்றுத்தோலில் இலத்தீனில் எழுதப்பட்ட வண்ணச் சித்திரச் சுவடி. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி, கடல் வற்றும் நேரத்தில் மட்டும் நடந்து செல்லக்கூடிய லிண்டிஸ்ஃபார்ன் தீவின் துறவுமடத்தில் உருவானது. கலை வரலாற்று நூல்கள் பலவும் இதன் பின்னல் வேலைப்பாட்டையே பேசுகின்றன. எந்தப் புனிதருக்காக எழுதப்பட்டதோ அவரிடமிருந்து சுவடியைப் பிரித்துவிடுவது இப்பார்வையின் குறை.

அந்தப் புனிதர் கத்பர்ட். லிண்டிஸ்ஃபார்னின் ஆயராக இருந்தவர். 687-ல் ஃபார்ன் தீவில் இறந்தார். 11 ஆண்டுகளுக்குப் பின், 698-ல், எலும்புகளை எடுத்துப் பேழையில் வைப்பதற்காகக் கல்லறையைத் திறந்த துறவிகள், உடல் அழியாமல் இருக்கக் கண்டதாக வரலாற்றாசிரியர் பீட் எழுதுகிறார். உடல் புதிய கருவாலி மரப்பேழையில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஈட்ஃபிரித் ஆயரானார். பெயர் தெரியாத துறவி ஒருவர் கத்பர்ட்டின் வாழ்க்கையை எழுதினார். பின்னர் பீட் அதை விரிவாக எழுதி ஈட்ஃபிரித்துக்குக் காணிக்கையாக்கினார். நற்செய்திச் சுவடியை எழுதியவராக மரபு சொல்வதும் இதே ஈட்ஃபிரித்தைத்தான். உடல், வரலாறு, சுவடி மூன்றும் ஒரே வழிபாட்டைச் சுற்றி அமைந்தன.

பேழையின் மூடியில் கிறிஸ்துவும், அவரைச் சுற்றி மனிதன், சிங்கம், காளை, கழுகு ஆகிய நான்கு சின்னங்களும் கீறப்பட்டுள்ளன. சுவடியில் நற்செய்தியாளர் நால்வரின் படங்களிலும் இதே சின்னங்கள் உண்டு. மரத்தில் எளிய கோடாக இருப்பது தோலில் வண்ணமாக இருக்கிறது.

எழுத்தறியாதவர்களுக்கு ஓவியமே நூல் என்ற திருத்தந்தை முதலாம் கிரகோரியின் கருத்தைக் கொண்டு இத்தகைய சுவடிகளை விளக்குவது மாணவர் குறிப்பேடுகளில் வழக்கம். இச்சுவடிக்கு அது பொருந்தவில்லை. இதில் இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றுகூடப் படமாக இல்லை. மாறாக ஐந்து கம்பளப் பக்கங்கள் உள்ளன. பறவைகளும் கயிறுகளும் பின்னிப் பிணைந்த பரப்பில் சிலுவை அமிழ்ந்து கிடக்கிறது. அதைக் கண்டுகொள்ளப் பார்வை நெடுநேரம் நிலைத்திருக்க வேண்டும். கதை தெரியாதவருக்குக் கதை சொல்லும் பக்கம் அல்ல அது. தெரிந்தவரைத் தியானத்தில் நிறுத்தும் பக்கம்.

சுவடியை ஈட்ஃபிரித் எழுதினார், ஈதில்வால்ட் கட்டினார், பில்ஃபிரித் பொன்னும் மணியும் பதித்தார் என்ற செய்தியைத் தருபவர் 10-ஆம் நூற்றாண்டுக் குரு ஆல்ட்ரெட். ஏறத்தாழ 250 ஆண்டுகள் பிந்தியவர் என்பதால் ஆய்வாளர் சிலர் அவர் சொல்லை அப்படியே ஏற்பதில்லை, ஐயம் நியாயமானதே. ஆயினும் அக்குறிப்பை வெறும் தகவலாகப் படிப்பதும் போதாது. ஆல்ட்ரெட் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். இன்று கிடைப்பவற்றில் நற்செய்திகளின் மிகப் பழைய ஆங்கில வடிவம் அதுவே. அழகான பக்கத்தில் கிறுக்கிவிட்டார் என்று குறைப்படுவோர் இதை நினைக்க வேண்டும். மூவரின் பெயருக்குப் பின் நான்காவதாகத் தம் பெயரையும் சேர்த்து, யோவான் பகுதியைத் தம் ஆன்மாவுக்காகச் செய்ததாக எழுதுகிறார். புனிதரின் அருகில் தமக்கும் இடம் கேட்கிறார்.

சித்திரம் மிகுந்தால்தான் புனிதம் மிகும் என்று முடிவு கட்டவும் இயலாது. 1104-ல் டர்ஹாமில் கத்பர்ட்டின் பேழையைத் திறந்தபோது உள்ளே யோவான் நற்செய்தி மட்டும் கொண்ட சிறிய நூல் ஒன்று இருந்தது. உயரம் சுமார் 14 செ.மீ. சிவந்த தோலட்டையில் கொடி வேலைப்பாடு உண்டு. உள்ளே படங்கள் இல்லை. உடலுக்கு மிக அருகில் வைக்கப்பட்டது இந்த எளிய நூல்தான்.

793-ல் வைக்கிங்குகள் தீவைத் தாக்கினர். 875-ல் துறவிகள் பேழையுடன் வெளியேறினர். 995-ல் அது டர்ஹாமை அடைந்தது. பில்ஃபிரித்தின் மணிகள் பதித்த அட்டை பின்னாளில் காணாமற் போயிற்று. பெரிய சுவடி இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. சிறிய நூலையும் அதே நூலகம் 2012-ல் 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கத்பர்ட்டின் கல்லறையும் பேழைத் துண்டுகளும் டர்ஹாம் பேராலயத்தில் இருக்கின்றன. பெரிய சுவடியை நிரந்தரமாக வடகிழக்குக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற கோரிக்கை அப்பகுதியில் நெடுநாளாக உண்டு. 2013-ல் சில மாதங்கள் மட்டும் அது டர்ஹாமில் காட்சிக்கு வைக்கப்பட்டது.