தீரும் மந்திரம், தீராத கை

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1987 டிசம்பரில் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி’யில், வாளை எடுக்கும் முன்பே பாதி ஆட்டம் முடிவாகிவிடுகிறது. ஃபைட்டர், தீஃப், பிளாக் பெல்ட், ரெட் மேஜ், ஒயிட் மேஜ், பிளாக் மேஜ் என்று ஆறு வகை. அவற்றிலிருந்து நான்கு பேரை எடுக்க வேண்டும். ஒரே வகையில் எத்தனை பேரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் 126 விதமான அணிகள் அமைகின்றன. எடுத்தபின் மாற்று வீரர் கிடையாது. கடைசி வரை அந்த நால்வர்தான். அணித் தேர்வின் அருமையை எனக்கு முதலில் உணர்த்திய ஆட்டம் இது.

‘அடிக்க ஒருவர், ஆற்ற ஒருவர், மந்திரத்துக்கு ஒருவர்’ என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. யோசனை சரிதான். ஆனால் வகைக்கு ஒருவர் இருந்தால் சமநிலை வந்துவிடாது. நால்வரில் யாருடைய பலம் வழியில் தீர்ந்துபோகும், யாருடையது தீராது என்று பார்ப்பதே உண்மையான கணக்கு.

இந்த ஆட்டத்தில் மந்திரங்களுக்கு எட்டு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ‘இத்தனை முறைதான்’ என்ற வரம்பு உண்டு. புதிதாகக் கிளம்பும் மேஜுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, முதல் நிலை மந்திரம் இரண்டே முறை. எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு நிலைக்கு ஒன்பது முறைக்கு மேல் இல்லை. குகைக்குள் நுழைந்துவிட்டால் அந்த எண்ணிக்கையை நிரப்ப வழியே கிடையாது. ஃபைட்டரின் வாளுக்கோ வரம்பே இல்லை.

முதன்முறை நான் எடுத்தது ஒரு ஃபைட்டர், ஒரு ஒயிட் மேஜ், இரண்டு பிளாக் மேஜ். வெட்டவெளியில் எதிரிக் கூட்டத்தை நெருப்பும் மின்னலும் ஒரே சுற்றில் துடைத்தெடுத்தபோது, இதைவிட நல்ல அணி இல்லை என்றே நம்பினேன். சதுப்புக் குகை அந்த நம்பிக்கையை உடைத்தது. அங்கே விஷம் ஏறினால் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் உயிர் குறையும். முறிவு மருந்து ஒன்று 75 காசு. என் காசெல்லாம் மந்திரம் வாங்கவே போயிருந்தது. நான் தேடி வந்த கிரீடம் இருக்கும் பெட்டியை எட்டியபோது இரண்டு பிளாக் மேஜிடமும் ஒரு மந்திரம்கூட மிச்சமில்லை. பெட்டியைக் காத்து நின்ற பிஸ்கோடீமன்களை ஃபைட்டர் ஒருவனால் சமாளிக்க முடியவில்லை.

இரண்டாவது பிளாக் மேஜுக்குப் பதில் பிளாக் பெல்ட்டை எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். வழியில் வந்த சில்லறைச் சண்டைகளை முன்னால் நின்ற இருவரே முடித்தார்கள். அதே பெட்டிக்கு முன்னால் போய் நின்றபோது பிளாக் மேஜின் கையில் மந்திரம் மிச்சமிருந்தது. ஒருவரைக் குறைத்ததால் மந்திர பலம் குறையவில்லை. தேவைப்பட்ட இடம் வரை அது தாக்குப்பிடித்தது.

ஆட்களைப் போலவே வரிசையும் முக்கியம். எதிரியின் எட்டு அடிகளில் சராசரியாக நான்கு முதல் ஆள் மேல் விழும். இரண்டாமவருக்கு இரண்டு, கடைசி இருவருக்கு ஒவ்வொன்று. கனத்த கவசம் பூணும் ஃபைட்டரை மூன்றாவதாக நிறுத்தினால் அந்தக் கவசத்துக்குச் செலவழித்த காசு வீண். அதே நால்வர்தான், ஆனால் வரிசை மாறினால் அது வேறு அணி.

அடுத்தது காலக் கணக்கு. வாளும் வீசி இருவகை மந்திரமும் போடும் ரெட் மேஜ் தொடக்கத்தில் பெரிய பலம். ஆனால் உச்ச மந்திரங்கள் அவருக்கு எட்டாது. தீஃப் இதற்கு நேர் எதிர். எலிவால் என்ற பொருளைக் கொண்டுபோய் டிராகன் அரசன் பஹாமுட்டிடம் காட்டி நிஞ்ஜாவாக உயரும் வரை அவனை மற்ற மூவரும் சுமக்க வேண்டும். பிளாக் பெல்ட்டோ வளர வளர வெறுங்கையாலேயே வெளுத்து வாங்குபவர். அவருக்கு ஆயுதம் வாங்காமல் மிச்சமாகும் காசு மேஜ்களின் மந்திரத்துக்கு உதவும். ஒயிட் மேஜும் ஆற்றுவதோடு நிற்பவர் அல்ல. லிச் போன்ற செத்தும் நடமாடும் பகைவர்களைத் தாக்க அவரிடம் தனி மந்திரமே இருக்கிறது.

நான்கு ஒயிட் மேஜ்களை மட்டும் வைத்து ஆட்டத்தை முடித்தவர்களும் உண்டு. அவர்களுடைய பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அணியில் இருந்த ஓட்டையை அவர்கள் நேரத்தைக் கொட்டித்தான் அடைத்தார்கள்.

புதிதாக ஆடுபவருக்கு என் தேர்வு: ஃபைட்டர், பிளாக் பெல்ட், ஒயிட் மேஜ், பிளாக் மேஜ், இதே வரிசையில். வேறு நால்வரைப் பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள். பெயர் வைத்துப் பொத்தானை அழுத்தும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: குகையின் கடைசி அறையில், மருந்தும் மந்திரமும் தீர்ந்தபின், இந்த நால்வரில் எத்தனை பேரால் இன்னும் அடிக்க முடியும்? இரண்டு பேர் என்றால் துணிந்து இறங்கலாம்.