போகாத தீவின் வர்ணனை

தீவுகளைப் பற்றி நான் படித்த வர்ணனைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று, அந்தத் தீவுக்குப் போகாத ஒருவர் எழுதியது. போய் வந்தவர்கள் எழுதியவை எத்தனையோ இருக்க, போகாதவர் எழுதியதைத் தூக்கிப் பிடிப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, சொல்லுகிறேன்.

அந்த மனிதர் சீன யாத்திரிகர் யுவான் சுவாங். அவர் போகாமல் விட்ட தீவு இலங்கை. போக வேண்டாம் என்று அவர் தீர்மானித்த ஊர் நம் காஞ்சிபுரம்.

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில், நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார் என்று ஒரு வரி இருக்கும். பரீட்சைக்கு இரண்டு மார்க். ஏன் வந்தார் என்பதை எந்த வாத்தியாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. காஞ்சியைப் பார்த்தே தீரவேண்டும் என்று வந்தவரல்ல அவர். கப்பல் ஏற வந்தவர்.

இந்தக் கதை, சீடர் ஹூயி லி எழுதத் தொடங்கி 688-ல் இன்னொருவர் கையால் நிறைவு பெற்ற அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. வங்காளக் கரையில் தாம்ரலிப்தித் துறைமுகத்தில் யுவான் சுவாங் இருந்தபோது, கடலுக்கு நடுவே சிங்களத் தீவு இருக்கிறது, அங்கே திரிபிடகத்திலும் யோக சாஸ்திரத்திலும் தேர்ந்த பிக்ஷுக்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறார். உடனே கப்பலில் ஏறிவிடவேண்டும் என்று ஆசை. அப்போது தென்னாட்டுப் பிக்ஷு ஒருவர் புத்தி சொல்லுகிறார். அவ்வளவு தூரம் கடலில் போகாதீர். காற்றும் அலையும் பொல்லாதவை. யட்சர் பயம் வேறு. தரை வழியாகத் தெற்கே போய்விட்டால், அங்கிருந்து மூன்று நாள் கடல்தான். மலையும் ஆறும் குறுக்கிட்டாலும் அதுவே பத்திரம்; வழியில் ஒட்டர தேசம் முதலிய இடங்களிலுள்ள புண்ணியத் தலங்களையும் தரிசிக்கலாம். இதுதான் அவர் சொன்னதன் சாரம். இதைவிட நல்ல பிரயாண ஆலோசனையை நான் எந்தக் கம்பெனி ஆபீஸிலும் கேட்டதில்லை.

அதன்படி யுவான் சுவாங் கலிங்கம், ஆந்திரம் எல்லாம் கடந்து, ஏறக்குறைய 640-ல் காஞ்சிக்கு வந்து சேருகிறார். நாட்டில் 100-க்கு மேற்பட்ட சங்காராமங்கள், 10,000 பிக்ஷுக்கள், 80 தேவாலயங்கள், ஏராளமான நிர்க்கிரந்தர்கள். தர்மபாலர் பிறந்த ஊர் இதுதான். ஜனங்கள் கல்வியை மதிப்பவர்கள் என்றெல்லாம் எழுதி வைக்கிறார். தீவுக்குப் போகிற வழியில் கிடைத்த குறிப்பு இது. அந்தத் தீவின்மேல் அவருக்கு ஆசை பிறக்காமல் இருந்தால், ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியைப் பற்றிய இந்தப் பக்கம் நமக்குக் கிடைத்தே இராது.

காஞ்சியில்தான் திருப்பம் வருகிறது. தீவிலிருந்து சுமார் 300 பிக்ஷுக்கள் இக்கரைக்கு வந்து இறங்குகிறார்கள். தலைவர்கள் போதிமேகேசுவரர், அபயதம்ஷ்டிரர் என்ற இருவர். நான் உங்கள் ஊருக்குப் படிக்கப் போகிறேன், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று யுவான் சுவாங் கேட்கிறார். ராஜா இறந்துபோனார், பஞ்சம் வந்துவிட்டது, போக்கிடம் இல்லை என்கிறார்கள். அதோடு அவர் விட்டுவிடவில்லை. யோக சாஸ்திரத்தில் சில இடங்களை எடுத்துச் சொல்லி அர்த்தம் கேட்கிறார். அவர்கள் சொன்னது, நாலந்தாவில் தம் குரு சீலபத்திரர் சொன்னதற்கு மேல் ஒரு படிகூடப் போகவில்லை. பிரயாணம் நின்றுவிட்டது. வடமேற்குப் பக்கமாகத் திரும்பி நடக்கிறார்.

சீனாவைவிட்டுக் கிளம்பிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தீவோ மூன்று நாள் தூரத்தில் இருக்கிறது. நம்மில் யாராயிருந்தாலும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றுதான் சொல்லியிருப்போம். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். அங்குள்ள மனிதர்கள் என்ன நிலைமையில் இருக்கிறார்கள்? வேறெங்கும் கிடைக்காத எது எனக்கு அங்கே கிடைக்கும்? சரியான விடை வராததால் போகவில்லை. திட்டம் போடுவது என்றால் இதுதான். டிக்கெட் எடுப்பதும் ஓட்டலில் இடம் பிடிப்பதும் அதற்குப் பிறகு வருகிற காரியங்கள்.

போகாத தீவைப் பற்றி 646-ல் முடித்த தம் நூலில் அவர் விரிவாகவே எழுதுகிறார். இங்கே விமரிசகன் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. நூலைத் தொகுக்க உதவிய பியான்ஜி என்ற துறவி, கடைசியில் ஒரு விளக்கம் கொடுக்கிறார். தாமே நடந்துபோன நாட்டுக்கு ஒரு வினைச்சொல். கேள்விப்பட்டு எழுதிய நாட்டுக்கு வேறு ஒரு வினைச்சொல். வாசகன் ஏமாறக்கூடாது என்று, ஒரு சொல்லை வைத்து வேலி கட்டியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் இந்த வேலி எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை.

தமிழில் இதற்குத் தனியாக விளக்கம் எழுதவேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் 'ஆம்' என்ற சின்னஞ்சிறு ஒட்டு இருக்கிறது. 'மழை பெய்தது' என்றால் நான் பார்த்தேன். 'மழை பெய்ததாம்' என்றால் யாரோ சொன்னார்கள். திண்ணையில் வம்பளக்கும் பாட்டிமார்கள்கூட இந்த ஒழுங்கை மீறமாட்டார்கள். 'அவள் வந்தாளாம், இவள் அழுதாளாம்' என்றுதான் சொல்லுவார்கள். இந்த 'ஆம்' பிரயாண இலக்கியத்தின் யோக்கியதைச் சீட்டு என்பது என் அபிப்பிராயம்.

'ஆம்' போட்டுவிட்டால் எவ்வளவு தாராளமாகக் கதை சொல்லலாம் என்பதற்கும் யுவான் சுவாங்கே சாட்சி. தீவில் முன்னொரு காலத்தில் ராட்சசிகள் இருந்தார்களாம். கப்பல் வந்தால் அழகிகளாக மாறி, பூவோடும் வாத்தியத்தோடும் கரைக்கு வந்து வியாபாரிகளை வரவேற்பார்களாம். விருந்து முடிந்ததும் இரும்புச் சிறையில் அடைத்துத் தின்றுவிடுவார்களாம். புத்தர் பல் இருக்கும் கோயிலின் உச்சியில் பதித்த பத்மராகம் இரவில் நட்சத்திரம்போல் தூரத்துக்குத் தெரியுமாம். இன்னும் தெற்கே பல ஆயிரம் லீ கடலில் போனால் நாளிகேரத் தீவாம். அங்கே மூன்றடி உயர மனிதர்கள், பறவை மூக்கோடு, தானியம் விளைக்காமல் தேங்காயைத் தின்றே பிழைக்கிறார்களாம். அது மாலத்தீவு என்பவர்களும் உண்டு, வேறு தீவு என்பவர்களும் உண்டு. பறவை மூக்கு அபத்தம்தான். ஆனால் கண்ணால் கண்டதாக அவர் சத்தியம் செய்யவில்லை. அதனால் அந்த அபத்தம் பொய்யாகாமல் கதையாக நிற்கிறது.

சரி, போனவருக்கு என்ன கிடைக்கிறது? அதற்கும் அதே தீவிலிருந்து ஓர் உதாரணம். யுவான் சுவாங்குக்கு இருநூறு வருஷத்துக்கு முன், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாஹியான் இலங்கைக்கு நிஜமாகவே போய் இரண்டு வருஷம் தங்கினார். அபயகிரி விகாரையின் புத்தர் சிலைக்கு முன்னால், வியாபாரி ஒருவன் காணிக்கையாக வைத்த வெள்ளைப் பட்டு விசிறியைப் பார்க்கிறார். அது சீனத்து விசிறி. சொந்த நாட்டைவிட்டு வந்து எத்தனையோ வருஷங்கள். கூட வந்தவர்களில் சிலர் திரும்பிவிட்டார்கள், சிலர் இறந்துபோனார்கள். விசிறியைக் கண்டதும் கண்ணீர் பெருகிவிட்டது என்று எழுதுகிறார். ராட்சசிகளையும் பத்மராகத்தையும் காஞ்சியில் உட்கார்ந்தபடியே யாரிடமும் கேட்டு எழுதிவிடலாம். இந்த விசிறியைக் கேட்டு எழுத முடியாது. போனால்தான் கிடைக்கும். போனவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை.

ஆக, தீவைப் பற்றி நியாயமாக எழுத இரண்டு வழிகள் உண்டு: கேட்டதற்கு ஓர் 'ஆம்', பார்த்ததற்கு ஒரு விசிறி. இந்த இரண்டும் இல்லாமல் ஓர் இலக்கிய வகை இன்று செழித்து வளர்ந்திருக்கிறது. அதுதான் பிரயாணக் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகம். நடுத்தரக் குடும்பத்து நேயர்களில் பலர் இன்று அதை நாவலைவிட அதிக சிரத்தையோடு படிக்கிறார்கள். அதனால் அதற்கும் விமரிசனம் வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் புடவைக்குக் காஞ்சிபுரம்; கல்யாணத்துக்குப் பின்னால் தேனிலவுக்கு மாலத்தீவோ பாலியோ மொரீஷியஸோ என்று ஆகிவிட்டது. காஞ்சிபுரத்து ஜவுளிக்கடையில் சற்று நேரம் உட்கார்ந்தால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கல்யாணப் பெண் புடவையின் முகப்பைப் பார்த்து மயங்கிக்கொண்டிருப்பாள். கூட வந்த அத்தை பேசாமல் புடவையைத் திருப்புவாள். உடலும் கரையும் சேரும் கோர்வை ஒழுங்காக இருக்கிறதா, சரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா, எடை என்ன என்று துருவித் துருவிப் பார்ப்பாள். கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். பின்பக்கத்தைப் பார்க்கிறவருக்குத்தான் தறி தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

அதே குடும்பம், அந்தப் புடவையைப்போல் பல மடங்கு பணத்தை, கைப்பேசியில் பார்த்த நீலக் கடல் படத்தை நம்பி ஒரு மாலைப்பொழுதில் கட்டிவிடுகிறது. தீவைத் திருப்பிப் பார்க்கிற அத்தை யாரும் இல்லை.

திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும்? மாலத்தீவையே எடுத்துக்கொள்ளலாம். முதலாம் ராஜராஜன் கடலிலுள்ள பழந்தீவுகள் பன்னீராயிரம் வென்றதாகக் கல்வெட்டுகள் சொல்லுகின்றனவே, அது இதுதான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. உண்மையில் உள்ளவை சுமார் 1,200. குடிமக்கள் வாழ்பவை ஏறக்குறைய 200. முதல் உல்லாச விடுதி 1972-ல் திறந்தது. அதன் பெயர் குரும்பா. அவர்கள் பாஷையில் இளநீர்க்காய்க்கு அந்தப் பெயர். நம் குரும்பையை நினைவூட்டுகிறது. பெரும்பாலும் ஒரு விடுதிக்கு ஒரு தீவு. ஊர் ஜனங்கள் குடியிருப்பது வேறு தீவு. குடிநீர் கடல்நீரிலிருந்து உப்புப் பிரித்து எடுப்பது. உணவில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குவது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தூரத்து விடுதிகளுக்குக் கொண்டுபோகும் கடல் விமானங்கள் பகலில்தான் பறக்கும். பொழுது சாய்ந்து இறங்குகிறவர்கள் தலைநகரப் பக்கம் ஓர் இரவு தங்கவேண்டியிருக்கும். நாட்டின் தரையில் பெரும்பகுதி மூன்று மீட்டர் உயரம்கூட இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தத் தீவுகளையும் தாக்கியது.

இவற்றில் எதுவும் ரகசியமில்லை. எதுவும் போகாதே என்று சொல்லவும் இல்லை. ஆனால் விளம்பரப் படத்தில் வெள்ளை மணல் இருக்கிறது, சாய்ந்த தென்னை இருக்கிறது, இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. யுவான் சுவாங் பறவை மூக்கை ஒட்டவைத்தாவது தீவில் மனிதர்களை வைத்தார். நம் விளம்பரக்காரர் மனிதர்களையே எடுத்துவிட்டார். இரண்டில் எது பெரிய பொய்?

விளம்பரக்காரர் வியாபாரி; அவரை ஓரளவுக்கு மேல் குறைசொல்லிப் பயனில்லை. என் குறை எழுத்தாளர்கள்மேல்தான். நம் பத்திரிகைகளில் வருகிற வெளிநாட்டுப் பிரயாணக் கட்டுரைகள் பலவற்றில், விமானத்தில் கொடுத்த சாப்பாடு, சாம்பார் கிடைத்த ஓட்டல், சிலையின் உயரம், கட்டிய வருஷம் எல்லாம் வரிசையாக வரும். சிலையின் உயரம் வழிகாட்டி சொன்னது. கோயிலின் கதை விளம்பரப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் 'ஆம்' எங்கோ உதிர்ந்துபோய், எல்லாம் ஆசிரியரே கண்டதாக நிற்கும். விசிறி மட்டும் இருக்காது. போகாமலே எழுதியிருக்கக்கூடிய கட்டுரையை எழுத இத்தனை தூரம் போவானேன்? 'குமரி மலர்' நடத்திய ஏ. கே. செட்டியாரைப் போன்றவர்களை நாம் இன்னும் தேடிப் படிப்பது, அவர்கள் அதிக தேசங்கள் சுற்றினார்கள் என்பதற்காக அல்ல. சின்ன வாக்கியங்களில், தாம் பார்த்த மனிதரை நமக்குக் காட்டினார்கள் என்பதற்காக.

தீவுக்குப் போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. சும்மா இருப்பதும் ஒரு நல்ல நோக்கம்தான். அதுதான் வேண்டும் என்று தெரிந்து போகிறவர் ஏமாறமாட்டார். ஆனால் பணம் கட்டுமுன், படித்த ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓர் 'ஆம்' போட்டுப் பார்க்கட்டும். கடல் கண்ணாடிபோல் இருக்குமாம். எந்த மாதமும் போகலாமாம். ஜனங்கள் எப்போதும் சிரித்த முகமாம். உடனே கேட்கவேண்டிய கேள்விகள் தாமாகவே வந்துவிடும். போன இடத்தில் ஒரு பகலையாவது திட்டத்தில் எழுதாமல் விட்டுவைக்கட்டும். பட்டு விசிறி எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இருப்பதில்லை.

இன்னும் சுலபமான யோசனையும் ஒன்று உண்டு. புடவை எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போன அத்தையை, பிரயாணக் கம்பெனிக்கும் ஒரு நடை அழைத்துப் போவது நல்லது.