நுங்கு வண்டி

நுங்கு வண்டிக்குச் சக்கரம் தேடுவதே பாதி இன்பம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் சித்திரை, வைகாசி வெயிலில் கட்டைவிரலால் நோண்டித் தின்றபின் மிஞ்சும் நுங்குக் காய்களில், ஒரே பருமனுள்ள இரண்டு வேண்டும். ஒன்று பெரிதானால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். அச்சுக்கு முழ நீளத்தில் நேரான வேப்பங்குச்சி போதும். பட்டையை உரித்ததும் ஈரத்தில் வழுவழுக்கும் அதன் மேனி விரலுக்கு அத்தனை இதம். இரு முனையையும் சீவி, காயின் மூன்று கண்களுக்கு நடுவில் வைத்துத் திருகித் திருகி இறக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் காய் பிளந்துவிடும். பொறுமையாக இறக்கினால் நாரே குச்சியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு தள்ளுகோல்: முள் சீவிய நீளமான கவைக்குச்சி. கவை அச்சின் நடுவில் உட்கார வேண்டும், அச்சு அதற்குள் தடையின்றிச் சுழல வேண்டும். ஈரக்காயின் கனம்தான் இந்த வண்டியின் பலம். வரப்பு, சரளை, உழவுக்கட்டி எதில் விட்டாலும் குடுகுடுவென்று துள்ளி ஓடும். கோலைச் சற்றே சாய்த்தால் திரும்பும். காய் உலர உலர எடை குறைந்து அச்சு ஆடத் தொடங்கும். அடுத்த குலை வெட்டும்போது சக்கரங்களை மட்டும் மாற்றினால் போதும்; கைபட்டு மெருகேறிய கவைக்குச்சி கோடை முழுக்க உழைக்கும்.