பெயர் இழந்த பாடல்கள்

அரபு இலக்கியம் பயில்வோர் 'கிதாபுல் அகானீ'யைத் தொடாமல் கடந்து செல்வதில்லை. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானீ தொகுத்தளித்த பாடற் களஞ்சியம் அது. கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதுக்காகப் பாடகர்கள் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும் நூறு பாடல்களை அடித்தளமாகக் கொண்டு எழுந்து, அச்சில் இருபது பாகங்கள் அளவுக்கு விரிந்து நிற்கிறது. பாடலை இயற்றிய கவிஞர் யார், மெட்டமைத்தவர் யார், தாளம் எது, ஊத் என்னும் நரம்புக் கருவியில் எந்த விரலை ஆதாரமாகக் கொண்டு வாசிக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஹதீஸ் கலையிற் போலவே, இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் இஸ்னாத் தொடரும் உண்டு. ஆயினும் மெட்டை எழுத்தில் வடிக்கும் வழியை அந்நூல் கைக்கொள்ளவில்லை. ஆகவே அந்நூறு பாடல்களில் ஒன்றையேனும் அன்று ஒலித்தபடி இன்று நம்மாற் கேட்க இயலாது. ராவிகளின் பெயர்கள் நிலைத்தன. ராகங்கள் காற்றோடு போயின.

இதற்கு நேர்மாறான ஒரு தொகுப்பைப் பற்றியே இக்கட்டுரையிற் சொல்ல விழைகிறேன். என்னிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது அதை எனக்குக் கேட்கக் கொடுத்தார். 'மியூசிக் ஃப்ரம் ஸஹாரன் செல்போன்ஸ்' என்பது அதன் பெயர். 'ஸஹாராக் கைபேசிகளிலிருந்து வந்த இசை' எனத் தமிழிற் சொல்லலாம். இங்கே ராகங்கள் முழுமையாக இருந்தன. பெயர்களே தொலைந்து போயிருந்தன.

அது பிறந்த விதம் அறியத்தக்கது. மாலி நாட்டின் வடகிழக்கே கிதால் என்றொரு பாலைவன நகரம் உண்டு. 2010-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அங்கே இணைய வசதி அரிது. எனினும் மலிவான கைபேசி எல்லார் கையிலும் இருந்தது. பேசுவதற்கு மட்டுமன்றிப் பாடல்களைச் சேமித்து வைக்கும் பெட்டியாகவும் அதை மக்கள் பயன்படுத்தினர். ஒருவர் கைபேசியிலிருந்து மற்றொருவர் கைபேசிக்குப் புளூடூத் வழியே பாடல்கள் தாவின. சிறு கடைகளிற் காசு கொடுத்தால் மெமரி கார்டில் பாடல்களை ஏற்றித் தருவார்கள். கிறிஸ்டோஃபர் கிர்க்லி என்னும் அமெரிக்கர் இத்தகைய மெமரி கார்டுகளைச் சேகரித்தார். அவற்றிலிருந்து தேர்ந்த பாடல்களை முதலில் ஒலிநாடாவாகவும், 2011-இல் இசைத்தட்டாகவும் தமது 'ஸாஹெல் சவுண்ட்ஸ்' நிறுவனத்தின் வழியே வெளியிட்டார்.

மேலைநாட்டு இதழ்கள் பல இத்தகைய முயற்சிகளைக் 'கண்டுபிடிப்பு' என்று புகழ்வது வழக்கம். அச்சொல்லை நான் ஏற்பதற்கில்லை. கிதாலின் சிறுவர்கள் நாள்தோறும் கேட்டு மகிழ்ந்த பாடலை யார் கண்டுபிடிப்பது? அறியப்படாதது என்றால் யாரால் அறியப்படாதது? நம் செவிக்கு எட்டாமையை அப்பாடலின் குறையாகக் கருதுவது பேதைமை. கிர்க்லியின் உண்மையான தொண்டு வேறு. பெயரின்றி வந்த ஒலிக்கோப்புகளுக்கு உரியவர்கள் யாரென்று அவர் நாடு நாடாகத் தேடினார். தேடிக் கண்டவர்களோடு உடன்பாடு செய்து, வருவாயிற் பங்கும் அளித்தார். ஒரு ராவி செய்ய வேண்டிய பணி இதுவே. இத்தொகுப்பின் மதிப்பில் பாதி இந்தத் தேடலில் இருக்கிறது.

இனி, பாடல்களைப் பற்றி. துவாரெக் மக்களின் பழைய இசை, பெண்கள் வாசிக்கும் ஒற்றை நரம்புடைய இம்ஸாத் என்னும் கருவியையும், உரலின் வாயில் தோல் போர்த்திய தெந்தே முரசையும் சார்ந்தது. இம்ஸாதை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அம்மரபிற் கிதார் நுழைந்தது துயரத்தின் வழியே. 1970-களிலும் 1980-களிலும் நிகழ்ந்த கொடும் பஞ்சங்களில் கால்நடைகள் மடிய, இளைஞர்கள் அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் வேலை தேடிப் போயினர். வேலையற்றவர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் திரிந்து 'இஷுமார்' என அவர்களுக்குப் பெயராயிற்று. அவர்களுள் 1979-இல் தோன்றிய தினாரிவென் குழுவினர் முன்னோடிகள். அவர்தம் பாடல்கள் ஒலிநாடாக்களிற் கை மாறிக் கை மாறியே பாலைவனமெங்கும் பரவின. 2011-இல் வெளிவந்த அவர்களின் 'தஸ்ஸிலி' தொகுப்புக்கு அடுத்த ஆண்டு கிராமி விருதும் கிட்டியது. கைபேசி செய்தது, ஒலிநாடா முன்பு செய்துவந்த வேலையைத்தான்.

இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், நாகரிகம் செழிக்கையிற் கடைசியாகத் தோன்றும் கலை பாட்டென்றும், அது சரிகையில் முதலில் மறைவதும் அதுவே என்றும் கருதுகிறார். அப்பேரறிஞரின் கூற்று பக்தாதுக்கும் குர்துபாவுக்கும் பொருந்தலாம். ஓய்வும் செல்வமும் இல்லாத இடத்தில், கூடாரமும் மந்தையும் இழந்தோரிடம் பிறந்த இந்தப் பாட்டுக்கு அது பொருந்தவில்லை.

தொகுப்பிற் கிதாலின் அமனார் குழுவும், அன்மத்தாஃப் குழுவும் கிதாரிசை வழங்குகின்றன. ஒட்டகத்தின் நடைபோல ஓங்கித் தாழும் தாளம். ஒருவர் பாடப் பலர் ஏற்கும் முறை. ஆயினும் என்னை நிறுத்தி வைத்த பாடல் எம்டூ மொக்தாரின் 'தஹூல்தீன்'. நைஜர் நாட்டவரான இவர், கிதார் கிடைக்காத இளமையில், மரப்பலகையிற் சைக்கிள் பிரேக் கம்பிகளைக் கட்டித் தாமே கருவி செய்துகொண்டவர்; இடக்கையால் வாசிப்பவர். 2008-இல் நைஜீரியாவின் ஸொகோத்தோ நகரிற் பதிவு செய்த 'அனார்' தொகுப்பைச் சேர்ந்தது இப்பாடல். அந்நகரின் ஹவ்ஸா மொழித் திரையிசையில் வழங்கும் குரல் திருத்தும் பொறியையும், இயந்திர முரசையும் இதிற் கையாண்டிருக்கிறார். மனிதக் குரல் உலோகம் போல் மின்னுகிறது. முதன்முறை கேட்டபோது எனக்கு இது உவப்பாயில்லை. பொறியின் கைவரிசை என்றே ஒதுக்கினேன். மும்முறை கேட்டபின், அந்தப் பொறிக்குள்ளிருந்தும் ஏங்கும் குரலொன்று தப்பி வெளிவருவதை உணர்ந்தேன். பழைமை தூயது, புதுமை கலப்படம் என்று எண்ணும் நம் போன்ற ஆசிரியர்களுக்கு இப்பாடல் ஒரு பாடம்.

மொக்தாரின் பிற்கால வளர்ச்சியையும் சொல்ல வேண்டும். 2015-இல் அவர் நடித்து, தமாஷெக் மொழியின் முதல் கதைப்படமென அறியப்பட்ட திரைப்படம் வந்தது. 2021-இல் 'அஃப்ரீக் விக்தீம்', 2024-இல் 'ஃபியூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' ஆகிய தொகுப்புகள் அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. பெயரற்ற ஒரு கோப்பாகவே அந்த மெமரி கார்டுகளில் அவர் பாடல் கிடந்திருந்தால் இவற்றுள் எத்தனை நிகழ்ந்திருக்கும்?

குறைகளும் உள. கைபேசிக்குள் அடங்குமாறு சுருக்கிய ஒலி, பல இடங்களிற் கரகரக்கிறது. ஒரு வெளிநாட்டவரின் செவிக்குப் புதுமையாய்ப் பட்டவையே தேர்வில் மிகுதி. பொருளறியாது கேட்பவன் பாட்டின் உடலைத் தழுவி உயிரைத் தவறவிடுகிறான். தமாஷெக் அறியாத என் பாராட்டும் அந்த வகையிற் பாதிப் பாராட்டே.

கிதாலுக்கு அதன்பின் நேர்ந்ததை மறக்கலாகாது. 2012-இல் மாலியின் வடபகுதியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் பாட்டையும் இசையையும் தடை செய்தன. கருவிகள் கொளுத்தப்பட்டன, கைபேசியில் இசை ஒலிப்பதும் குற்றமாயிற்று, பாடகர் பலர் ஊர்விட்டு ஓடினர். இசையைப் பற்றி நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு என்பதை மதரஸாவிற் பயின்ற நான் மறைக்கவில்லை. இமாம் கஸ்ஸாலீ தமது இஹ்யாவில் அதற்கெனத் தனியொரு நூற்பகுதியே ஒதுக்கி, இரு தரப்பு வாதங்களையும் நிறுத்துப் பார்க்கிறார். எழுதுகோல் கொண்டு வாதிட்டவர் அவர். தீவட்டி ஏந்தி வந்தவர்களை அவரோடு ஒரு வரிசையில் வைக்க முடியாது. நகத்தளவே உள்ள மெமரி கார்டுகள் எல்லைகள் பலவற்றைக் கடந்து சென்றுவிட்டமையால், கருவிகள் எரிந்த பின்னும் கிதாலின் அக்காலத்துக் குரல்கள் சில எஞ்சின.

வாசகர்கள் இத்தொகுப்பைத் தேடிக் கேட்க வேண்டுமெனப் பரிந்துரைக்கிறேன். ஒருமுறை கேட்டு ஒதுக்கிவிட வேண்டாம். 'தஹூல்தீன்' பாடலையேனும் மும்முறை கேளுங்கள். பிடித்திருந்தால் பிறருக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது பாடியவர் பெயரையும், அவர் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அபுல் ஃபரஜ் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்தது அதைத்தான்.